ஏடிசி, டிஏசி சிப்புகளில் பயன்படுத்தாத முனைகளும் மின்வழங்கல் முனைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்று வரைபடத்தில் ஒரு மாற்றிச் சிப்பை, அதாவது அனலாக் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏடிசியையோ எண்ணை அனலாக் சிக்னலாக்கும் டிஏசியையோ, வைத்ததும் சிக்னல் வரும் வழியையும் தரவு போகும் வழியையும் இணைத்துவிட்டு, மீதமுள்ள முனைகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைப்பது பலரிடமும் உள்ள பழக்கம். கடைசியில் பார்க்க நேரம் இருப்பதில்லை. பலகை தயாராகி வந்த பிறகு தலைகாட்டும் காரணம் புரியாத இரைச்சலையும் சூட்டையும் தவறான அளவீட்டையும் துருவிக்கொண்டே போனால், பல நேரம் அந்த ஒதுக்கிவைத்த முனைகளில் ஒன்றில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. வேலை செய்யும் இடங்களில் பின் என்றும் கால் என்றும் சொல்வதையே இங்கே முனை என்று எழுதியிருக்கிறேன்.

ஒரு முனையை நான் பயன்படுத்தப் போவதே இல்லை. அதை இணைக்காமல் விட்டால் என்ன?

அந்த முனைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உள்ளீடாக இருந்தால் பெரும்பாலும் விடக் கூடாது; வெளியீடாக இருந்தால் பெரும்பாலும் விட்டுவிட வேண்டும்; மின்வழங்கலாக இருந்தால், டேட்டாஷீட், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பு, வெளிப்படையாக அனுமதித்தாலொழிய விடக் கூடாது. நீங்கள் பயன்படுத்தவில்லை என்பது உங்கள் பக்கத்துச் செய்தி. சிப்புக்கு அது தெரியாது.

சிமாஸ் வகை (மேலும் கீழுமாக இரண்டு டிரான்சிஸ்டர்கள் கொண்ட) டிஜிட்டல் உள்ளீடு என்பது, உள்ளே பார்த்தால், சில பிகோஃபாரட் அளவுள்ள ஒரு சிறு மின்தேக்கிதான். அதன் கசிவு மின்னோட்டம் ஒரு மைக்ரோஆம்பியருக்கும் குறைவாக இருப்பதால், அந்தரத்தில் விட்ட முனை பக்கத்துத் தடத்தின் துடிப்பையோ அருகில் வரும் விரலின் மின்புலத்தையோ பிடித்துக்கொண்டு எந்த மின்னழுத்தத்துக்கும் போய் நிற்கும். அது வழங்கு மின்னழுத்தத்தின் பாதிக்கு அருகே நின்றால், மேலே உள்ள டிரான்சிஸ்டரும் கீழே உள்ள டிரான்சிஸ்டரும் ஒரே நேரத்தில் பாதி திறந்து, மின்வழங்கலிலிருந்து கிரவுண்டுக்கு நேராக மின்னோட்டம் பாயும். அந்த முனை சிப்பை உறங்கவைக்கும் முனையாகவோ வரம்பைத் தேர்ந்தெடுக்கும் முனையாகவோ இருந்தால் விளைவு இன்னும் வினோதமானது: மேசையில் நன்றாக ஓடும் பலகை, பெட்டிக்குள் வைத்து மூடியதும் நின்றுபோகும்.

அப்படியானால் பயன்படுத்தாத டிஜிட்டல் உள்ளீடுகள் அனைத்தையும் கிரவுண்டில் கட்டிவிடலாமா?

கூடாது. ஒவ்வொரு முனையும் எந்த நிலையில் செயல்படாமல் சும்மா இருக்கும் என்பதைப் பார்த்துக் கட்ட வேண்டும். ரீசெட், கிளியர் போன்றவை பல சிப்புகளில் தாழ்நிலையில் செயல்படுபவை. அவற்றைக் கிரவுண்டில் கட்டினால் சிப் ஒருபோதும் எழுந்திருக்காது. டிஏசியில், எழுதிய மதிப்பு எப்போது வெளியீட்டுக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லும் எல்டிஏசி முனை இதற்கு மாறானது: அதைத் தாழ்நிலையில் கட்டினால், பல சிப்புகளில், எழுதிய மதிப்பு உடனே வெளியீட்டுக்கு வந்துவிடும், சேனல்களை ஒரே நேரத்தில் மாற்ற வேண்டிய தேவை இல்லாதவர்களுக்கு அதுவே வசதி. உயர்நிலையில் கட்டும்போது, அந்த முனை எந்த வழங்கலைச் சார்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அனலாக் வழங்கல் 5 வோல்ட்டாகவும் டிஜிட்டல் முனைகளின் வழங்கல் 3.3 வோல்ட்டாகவும் உள்ள சிப்பில், ஒரு டிஜிட்டல் முனையை 5 வோல்ட்டில் கட்டுவது, மிகுதியான மின்னழுத்தத்தை வழங்கலுக்கோ கிரவுண்டுக்கோ திருப்பிவிட உள்ளே வைத்திருக்கும் பாதுகாப்பு டையோடின் தலையில் சுமையை ஏற்றுவதாகும்.

நேரடியாகக் கட்டலாமா, மின்தடை வழியாகவா என்று கேட்டால், இரண்டும் சரியே. 10 கிலோஓம் மின்தடையில் 1 மைக்ரோஆம்பியர் கசிவு ஓடினாலும் 10 மில்லிவோல்ட் மட்டுமே விழும். அதனால் தர்க்க நிலை கெடாது. முதல் பதிப்புப் பலகையில் நான் மின்தடையையே விரும்புவேன். டேட்டாஷீட்டை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், தடத்தைக் கத்தியால் அறுப்பதைவிட மின்தடையை எடுத்து வேறு பக்கம் வைப்பது எளிது.

எந்தச் சிப்போடு பேசுகிறோம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் சிப் செலக்ட் முனை பயன்படுத்தாத முனை அல்ல. ஆனாலும் அதை வழங்கலின் பக்கம் இழுத்துவைக்கும் ஒரு மேலிழுப்பு மின்தடை கட்டாயம் வைக்கிறேன். மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட்டில் இருக்கும்போதும், நிரல் அதன் முனைகளை அமைத்து முடிக்கும் வரையிலும், அந்தக் கம்பி அந்தரத்தில்தான் இருக்கிறது.

எட்டுச் சேனல் ஏடிசியில் ஐந்தைத்தான் பயன்படுத்துகிறேன். மற்ற மூன்று அனலாக் உள்ளீடுகளை என்ன செய்வது?

அனலாக் கிரவுண்டில் கட்டிவிடுங்கள் என்பது பெரும்பாலான ஒற்றைமுனை உள்ளீட்டுச் சிப்புகளுக்குப் பொருந்தும் பதில். ஏன் என்பதை ஒரு சிறு சோதனையில் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு சேனலுக்கு 2 வோல்ட் கொடுங்கள். அடுத்த சேனலை இணைக்காமல் விட்டு, இரண்டையும் மாறி மாறிப் படியுங்கள். இணைக்காத சேனலும் 2 வோல்ட்டுக்கு அருகிலேயே ஏதோ ஒரு மதிப்பைக் காட்டும். முதல் சேனலின் மதிப்பை உயர்த்தினால், இதுவும் கூடவே உயரும். சேனல்கள் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டன என்று தோன்றும். உண்மையில் நடப்பது வேறு: சேனல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மல்டிபிளெக்சர் அடுத்த சேனலுக்குத் திரும்பும்போது, மாதிரியெடுக்கும் மின்தேக்கியில் முந்தைய சேனலின் மின்னூட்டம் அப்படியே இருக்கிறது, அதை மாற்றுவதற்கு அந்தப் பக்கம் எந்த மூலமும் இல்லை. ஆகவே சிப் தன் பழைய நினைவையே மீண்டும் அளந்து சொல்கிறது.

பயன்படுத்தாத சேனலைப் படிக்கவே போவதில்லை என்றால் இது தொல்லையில்லையே என்று கேட்கலாம். படிக்காவிட்டாலும், அந்தரத்தில் உள்ள முனை பக்கத்துத் துடிப்புகளால் வழங்கல் மின்னழுத்தத்துக்கு மேலோ கிரவுண்டுக்குக் கீழோ தள்ளப்படலாம். அப்போது அதன் பாதுகாப்பு டையோடு திறந்து, சிலிக்கான் அடித்தளத்தில் பாயும் மின்னோட்டம் பக்கத்துச் சேனலின் அளவீட்டைக் கலைக்கும்.

இரண்டு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை அளக்கும் வேறுபாட்டு உள்ளீடுகளில் இரண்டு முனைகளையும் ஒன்றாக இணைத்து, அந்தச் சிப் ஏற்கும் பொது மின்னழுத்தத்தில் கட்ட வேண்டும். ஒற்றை வழங்கலில் ஓடும் சிப்பில் அது பெரும்பாலும் வழங்கலின் பாதிக்கு அருகே இருக்கும். டெல்டா-சிக்மா என்ற வகை ஏடிசிகளில் சில, பயன்படுத்தாத உள்ளீட்டை அனலாக் வழங்கலோடு கட்டச் சொல்கின்றன. சில, அந்த முனைகளை அந்தரத்திலேயே விடலாம் என்கின்றன. டேட்டாஷீட்டில் இதற்கென ஒரு வரி இருந்தால், இந்தப் பக்கத்தில் உள்ள பொது விதியைவிட அந்த வரிதான் செல்லும்.

ஒரு முனை, சிப்புக்குள் அமைப்புகளை எழுதிவைக்கும் இடமான ரெஜிஸ்டர் வழியாக, வெளியீடாகவும் மாறக்கூடியது என்றால், நேரடியாகக் கிரவுண்டில் கட்டாதீர்கள். 1 முதல் 10 கிலோஓம் வரையிலான மின்தடை வழியாகக் கட்டினால், நிரலில் நேரும் ஒரு பிழை ஷார்ட் சர்க்யூட்டாக மாறாது.

கிரவுண்டில் கட்டிய சேனலில் ஒரு லாபமும் உண்டு. அவ்வப்போது அதைப் படித்துப் பார்த்தால், சிப்பின் பூஜ்யப் பிழையும் பலகையின் இரைச்சலும் எவ்வளவு என்று செலவில்லாமல் தெரிந்துவிடும்.

பயன்படுத்தாத வெளியீட்டு முனைகளை?

இணைக்காமல் விடுங்கள். கிரவுண்டிலோ வழங்கலிலோ கட்டக் கூடாது. சிறு மின்னழுத்த வேறுபாடாக ஜோடிக் கம்பிகளில் தரவை அனுப்பும் எல்விடிஎஸ் வெளியீடுகளுக்கும் பொதுவாக இதுவே பொருந்தும். தேவையற்ற ஜோடியை ரெஜிஸ்டர் வழியாக அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 3.5 மில்லிஆம்பியர் மிச்சம்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் தேவை. இணை வழியிலும் தொடர் வழியிலும் தரவு தரக்கூடிய ஏடிசிகளில், தொடர் வழியைத் தேர்ந்தெடுத்ததும் மீதமுள்ள தரவு முனைகளின் தன்மை மாறலாம். சில சிப்புகளில் அவை உள்ளீடுகளாகி, கிரவுண்டில் கட்டப்பட வேண்டியவையாகின்றன. வேறு சிலவற்றில் அவை வெளியீடுகளாகவே நீடிக்கின்றன. முதல் வகையின் வரைபடத்தை நகலெடுத்து இரண்டாம் வகைக்கு இட்டால், வெளியீடுகள் கிரவுண்டோடு மல்லுக்கட்டும்.

டிஏசியில் பயன்படுத்தாத சேனலின் வெளியீடும் இதே விதிக்குள் வருமா?

மின்னழுத்த வெளியீடு என்றால் ஆம், அப்படியே விடலாம். முடிந்தால் அந்தச் சேனலை அணைத்துவிடலாம். ஆனால் பின்னூட்ட முனை தனியாக வெளியே வந்திருந்தால், சேனல் ஓடும்வரை அதை வெளியீட்டோடு இணைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் பெருக்கி வளையம் மூடப்படாமல் ஏதாவது ஓர் எல்லையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

மின்னோட்ட வெளியீடு என்றால் கதை நேர்மாறு. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வெளியீடுகளைக் கொண்ட வேக டிஏசியில், சிப் மொத்த மின்னோட்டத்தை இரு பக்கமும் பகிர்ந்து அனுப்புகிறது. ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்தினாலும் மறுபக்க மின்னோட்டத்துக்குப் போக்கிடம் வேண்டும். அதைக் கிரவுண்டிலோ, மற்றப் பக்கத்தில் உள்ள அதே அளவு மின்தடையிலோ முடித்துவைக்க வேண்டும். அதே மின்தடையில் முடிப்பதுதான் என் தேர்வு, ஏனெனில் இரு பக்கமும் ஒரே மாதிரிச் சுமையைப் பார்க்கும்போது வழங்கலிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் குறியீட்டுக்குக் குறியீடு அலைவது குறைகிறது.

ரெஃபரன்ஸை, அதாவது சிப் ஒப்பிட்டு அளக்கும் மின்னழுத்தத்தை, சிப்புக்கு உள்ளிருந்தே எடுக்கிறேன். வெளி ரெஃபரன்ஸுக்கான முனை சும்மாதானே இருக்கிறது?

பல சிப்புகளில் அது சும்மா இல்லை. உள் ரெஃபரன்ஸ் இயங்கும்போது அதே முனை வெளியீடாக மாறி, ஒரு மின்தேக்கியை எதிர்பார்க்கிறது. அந்த மின்தேக்கி வெறும் வடிகட்டி அன்று. மாதிரியெடுப்பின் ஒவ்வொரு படியிலும் சிப் சட்டென்று கேட்கும் மின்னூட்டத்தை அதுதான் தருகிறது. டேட்டாஷீட் 10 மைக்ரோஃபாரட் கேட்டால் 10 மைக்ரோஃபாரட்டே வையுங்கள், அதுவும் முனையை ஒட்டி, இடையில் வயா (பலகையின் அடுக்குகளை இணைக்கும் துளை) இல்லாமல். இந்த முனையை வழங்கலோடு கட்டுவது, ஒரு வெளியீட்டை இன்னொரு மூலத்தோடு மோதவிடுவதுதான்.

என்சி என்றும் டிஎன்சி என்றும் எழுதியிருப்பவை ஒன்றா?

ஒன்றல்ல. என்சி என்றால் பொதுவாக உள்ளே இணைப்பே இல்லை என்று பொருள். அதைக் கிரவுண்டில் கட்டினால் வெப்பம் இறங்கவும் பக்கத்து முனைகளுக்கு நடுவே ஒரு வேலியாகவும் உதவும். டிஎன்சி என்றால், உள்ளே ஏதோ இருக்கிறது, தொடாதே என்று பொருள். பெரும்பாலும் ஆலையில் சோதனைக்கோ திருத்தத்துக்கோ பயன்பட்ட முனை. அதில் ஒரு தடத்தைக்கூட நீட்டாதீர்கள். சிக்கல் என்னவென்றால், எல்லா டேட்டாஷீட்டும் இந்தப் பெயர்களை ஒரே கண்டிப்போடு பயன்படுத்துவதில்லை. பெயரை மட்டும் பார்க்காமல், முனை விளக்க அட்டவணையில் அதற்கு நேரே உள்ள வாக்கியத்தைப் படிப்பதே வழி.

சிப்பின் ஒரு பகுதியை நான் பயன்படுத்தவில்லை. அதன் மின்வழங்கல் முனையை விட்டுவிடலாமா?

டேட்டாஷீட் வெளிப்படையாக அனுமதித்தாலொழிய, கூடாது. ஒரே பெயரில் நான்கு முனைகள் இருந்தால் நான்கையும் இணைக்க வேண்டும். அவை ஒரே கம்பியின் நான்கு நகல்கள் என்று எண்ண வேண்டாம், உள்ளே வெவ்வேறு பகுதிகளுக்குப் போகலாம், அல்லது மின்தூண்டலைக் குறைப்பதற்காகவே பகிரப்பட்டிருக்கலாம்.

வழங்கல் இல்லாவிட்டால் சிப் ஓடாது, எளிதில் தெரிந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. ஒரு பலகையில் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஏடிசி தரவு தந்துகொண்டிருந்தது. ஆனால் நூற்றில் சில முறை அர்த்தமில்லாத எண் வரும். நிரலைச் சந்தேகித்தேன், கடிகாரத் துடிப்பின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். கடைசியில் டிஜிட்டல் வழங்கல் முனையின் மேலேயே அளவியின் ஊசியை வைத்தபோது 3.3 வோல்ட்டுக்குப் பதில் 2.7 வோல்ட்டும் சொச்சமும் காட்டியது. அதே ஊசியைப் பலகையின் செப்புப் பட்டையில் வைத்தால் சரியாக 3.3. முனைக்கும் பட்டைக்கும் இடையே ஈயம் பிடித்திருக்கவில்லை. சிப் செலக்ட் கம்பியும் கடிகாரக் கம்பியும் உயர்நிலையில் நிற்கும்போது அவற்றின் பாதுகாப்பு டையோடுகள் வழியாக உள்ளே ஏறிய மின்சாரத்தில், ஒரு டையோடு வீழ்ச்சி குறைவாக, சிப் பிழைத்துக்கொண்டிருந்தது. வழங்கலை எப்போதும் முனையின் மேல் அளப்பது அன்றிலிருந்து வந்த பழக்கம்.

ஒவ்வொரு வழங்கல் முனைக்கும் தனி மின்தேக்கி தேவையா? எவ்வளவு, எங்கே?

ஆம், ஒவ்வொன்றுக்கும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்று முனையை ஒட்டி. சிப்புக்கு அருகே வழங்கலுக்கு ஒன்றாக 10 மைக்ரோஃபாரட் அளவில் இன்னொன்று. டேட்டாஷீட் வேறு அளவு சொன்னால் அது.

ஒட்டி என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, வேறு குறைகள் இல்லை என்று கொண்டால், 100 மெகாஹெர்ட்ஸில் 0.016 ஓம் மட்டுமே காட்டும். ஒரு சென்டிமீட்டர் மெல்லிய தடத்தின் மின்தூண்டலைச் சுமார் 10 நானோஹென்றி என்று எடுத்துக்கொண்டால், அதே அதிர்வெண்ணில் அது 6 ஓமுக்கும் மேல். அதாவது, நல்ல மின்தேக்கியை ஒரு சென்டிமீட்டர் தள்ளிவைத்த உடனே அதன் குணத்தைத் தடம் விழுங்கிவிடுகிறது. அந்தத் தடத்தில் 20 மில்லிஆம்பியர் மாற்றம் ஒரு நானோவினாடியில் நடந்தால் 0.2 வோல்ட் துள்ளும். இந்தக் கணக்கில் திரும்பும் வழியும் சேரும்: கிரவுண்ட் பக்கத்து வயா தொலைவில் இருந்தால், வழங்கல் பக்கத்தில் காட்டிய சிக்கனம் வீண்.

எக்ஸ்7ஆர் வகை செராமிக் போதும். சிறிய உறையில் பெரிய மதிப்பு வாங்கும்போது மட்டும் கவனியுங்கள்: 6.3 வோல்ட் தாங்கும் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 5 வோல்ட்டில் பாதிக்கும் மேல் மதிப்பை இழப்பது சாதாரணம்.

அனலாக் கிரவுண்ட், டிஜிட்டல் கிரவுண்ட் என்று இரண்டு முனைகள் உள்ளன. பலகையிலும் இரண்டாகப் பிரிக்க வேண்டுமா?

இந்தப் பெயர்கள்தான் இத்துறையில் மிகுதியான குழப்பத்தை விளைவித்தவை. அந்த முனை சிப்புக்குள்ளே எந்தப் பகுதியோடு சேர்ந்தது என்பதையே பெயர் சொல்கிறது; வெளியே எங்கே கட்ட வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. உள்ளே இரண்டையும் இணைக்காததற்குக் காரணம், டிஜிட்டல் பகுதியின் துள்ளல் மின்னோட்டம் அனலாக் பகுதியின் மெல்லிய இணைப்புக் கம்பி வழியே போகக் கூடாது என்பதுதான். வெளியே வந்ததும் இரண்டையும், சிப்பின் அடியிலேயே, ஒரே திடமான கிரவுண்ட் தளத்தில் மிகக் குட்டையாக இணைப்பதே பெரும்பாலான மாற்றிகளுக்கு ஏற்றது. டிஜிட்டல் கிரவுண்ட் முனையைத் தொலைவில் உள்ள இரைச்சல் மிகுந்த தளத்துக்கு இழுத்துச் சென்றால், அந்த இரைச்சல் சிப்புக்குள்ளேயே இரண்டு பகுதிகளுக்கும் நடுவே வந்து நிற்கும். பல சிப்புகள் இவ்விரு முனைகளுக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதில்லை.

தளத்தை வெட்டுவதற்குப் பதில், உறுப்புகளை இடம் பார்த்து வைப்பதில் நேரத்தைச் செலவிடுங்கள். 5 வோல்ட் வரம்புள்ள 16 பிட் ஏடிசியில் ஒரு படி என்பது 76 மைக்ரோவோல்ட். வேறெங்கோ போகும் 10 மில்லிஆம்பியர் மின்னோட்டம், உணரிக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள 10 மில்லிஓம் செம்பைக் கடந்தால் 100 மைக்ரோவோல்ட். அதுவே ஒரு படிக்கு மேல்.

அனலாக் வழங்கலையும் டிஜிட்டல் வழங்கலையும் ஒரே 3.3 வோல்ட்டிலிருந்து எடுக்கலாமா?

எடுக்கலாம், இடையில், உயர் அதிர்வெண் இரைச்சலைத் தடுக்கும் ஒரு ஃபெரைட் மணியை வைத்து, மின்தேக்கிகளை மணிக்குச் சிப் பக்கமாக வைத்தால். விரைவாகத் திறந்து மூடி மின்னழுத்தத்தை மாற்றும் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் நேராக அனலாக் முனைக்கு வருவதென்றால் எனக்குத் தயக்கம் உண்டு. வழங்கல் இரைச்சலைச் சிப் தள்ளிவிடும் திறன் தாழ்ந்த அதிர்வெண்ணில் 60 டெசிபெல்லாக, அதாவது ஆயிரத்தில் ஒன்றாக, இருந்தாலும், அதிர்வெண் ஏற ஏற அது சரிந்துவிடும். ரெகுலேட்டரின் இரைச்சல் இருப்பதோ அந்த உயர்ந்த பக்கத்தில். மணியும் குறைந்த இழப்புள்ள செராமிக் மின்தேக்கியும் சேர்ந்து ஒத்ததிர்வில் இரைச்சலைப் பெருக்கவும் கூடும். தொடரில் ஓர் ஓம் அளவு மின்தடையோ, பக்கத்தில் ஓர் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியோ அதை அடக்கும்.

வழங்கல் முனை போலவே பெயருள்ள, ஆனால் வெறும் மின்தேக்கி மட்டும் கேட்கும் முனை எது?

சிப்புக்குள் இருக்கும் ரெகுலேட்டரின் வெளியீடு. உள்தர்க்கம் 1.8 வோல்ட்டில் ஓடும். அதற்கான மின்தேக்கி மட்டும் வெளியே. பெயரைப் பார்த்து அதற்கு 3.3 வோல்ட் கொடுத்தால் சிப் போயிற்று. அந்த 1.8 வோல்ட்டை வெளியே வேறு சுற்றுக்குக் கடன் வாங்குவதும் வேண்டாம்.

எந்த வழங்கல் முதலில் வர வேண்டும்?

பல புதிய சிப்புகளுக்கு வரிசை முக்கியமில்லை. ஆனால் சிக்னல் வழங்கலுக்கு முன்னால் வரக் கூடாது என்பது பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். உள்ளீடு வழங்கலை 0.3 வோல்ட்டுக்கு மேல் தாண்டக் கூடாது என்ற வரம்பு, சிப் அணைந்திருக்கும்போது வழங்கல் பூஜ்யம் என்பதால், வெறும் 0.3 வோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. தாண்டினால் லாட்ச்-அப் நேரலாம்: உள்ளே ஒளிந்திருக்கும் நான்கடுக்கு அமைப்பு தைரிஸ்டர் போல மூண்டு, வழங்கலைத் துண்டிக்கும்வரை பெரும் மின்னோட்டத்தை இழுக்கும். 15 வோல்ட்டில் ஓடும் பெருக்கி ஒன்று 5 வோல்ட் ஏடிசியை ஓட்டும் சுற்றுகளில், உள்ளீட்டுக்குத் தொடரில் ஒரு மின்தடை வைத்து, டையோடு மின்னோட்டத்தை டேட்டாஷீட் சொல்லும் எல்லைக்குள், பல சிப்புகளில் அது 10 மில்லிஆம்பியர், நிறுத்துங்கள்.

சிப்பின் வயிற்றில் உள்ள உலோகத் தகட்டை எப்போதும் கிரவுண்டில்தானே கட்ட வேண்டும்?

பெரும்பாலும். ஆனால் நேர், எதிர் என இரட்டை வழங்கலில் ஓடும் சில சிப்புகளில் அந்தத் தகடு எதிர் வழங்கலோடு சேர்ந்தது. அங்கே பழக்கத்தில் கிரவுண்ட் வயாக்களை வரிசையாக இட்டால், எதிர் வழங்கல் ஷார்ட் ஆகிவிடும்.

முதல் பலகை வந்ததும் இவற்றையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது?

மின்சாரம் கொடுக்கும் முன், ஒவ்வொரு வழங்கல் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடையை அளங்கள். கொடுத்த பிறகு, ஒவ்வொரு வழங்கல் முனையின் மேலேயும் மின்னழுத்தத்தை அளந்து, சும்மா இருக்கும் நிலையில் சிப் எடுக்கும் மின்னோட்டத்தை டேட்டாஷீட்டோடு ஒப்பிடுங்கள். அந்தரத்தில் ஓர் உள்ளீடு இருந்தால் அது பல நேரம் இந்த எண்ணில்தான் முதலில் தெரியும்.

அந்தரத்தில் உள்ள முனையை மின்னழுத்த அளவியால் பிடிப்பது கடினம். அளவியின் 10 மெகாஓம் உள்தடையே அந்த முனையைக் கிரவுண்டுக்கு இழுத்துவிடுவதால் திரையில் 0 வோல்ட் என்று அழகாக வரும். ஊசியை எடுத்ததும் கோளாறு திரும்பும். அதற்குப் பதிலாக, 100 கிலோஓம் மின்தடை ஒன்றின் ஒரு காலை முனையில் தொட்டு, மறுகாலை முதலில் அந்த முனைக்குரிய வழங்கலிலும் பிறகு கிரவுண்டிலும் வைத்து, இரண்டு நிலையிலும் முனையின் மின்னழுத்தத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அது எதிர்ப்பின்றி முழுதாக ஓடிவந்தால், அதை யாரும் பிடித்துவைத்திருக்கவில்லை.